மச்சத்தை அளக்கும் கணினி

தோலிலுள்ள மச்சமொன்று முன்னரிலும் பெருத்துள்ளதா என்பதை நினைவைக் கொண்டு கூறுதல் அரிது. மெலனோமா என்னும் தோற்புற்றுநோய்க்கு மச்சத்தில் நேரும் மாற்றம் முக்கிய அறிகுறியாதலால், அதனை அளந்து வைத்தல் பயன் தரும்.

புகைப்படம் சிறு புள்ளிகளால் ஆனது. அப்புள்ளியொன்றின் உண்மை அளவைப் படம் தானாகக் கூறாது. எனவே, மச்சத்தின் அருகே அதே மட்டத்தில் அடிமட்டம் ஒன்றை வைத்து, நேர் மேலிருந்து படமெடுத்தல் வேண்டும்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தில் உருவான 'இமேஜ்ஜே' என்னும் இலவச மென்பொருளில் அப்படத்தைத் திறப்போம். அடிமட்டத்தின் 10 மில்லிமீற்றர் நீளத்தில் 200 புள்ளிகள் இருப்பின், 1 மில்லிமீற்றருக்கு 20 புள்ளிகள்; 1 சதுர மில்லிமீற்றருக்கு 20 × 20 = 400 புள்ளிகள். மச்சத்தின் விளிம்பைச் சுற்றிக் கோடு வரைவோம். உள்ளே 12,000 புள்ளிகள் எனக் கணினி எண்ணித் தந்தால், பரப்பு 30 சதுர மில்லிமீற்றர் ஆகும். கை சற்றே பிசகுமாதலால், மும்முறை வரைந்து சராசரி காண்பது நன்று.

சில மாதங்களின் பின் இவ்வாறே அளந்து ஒப்பிடலாம். எனினும், நிறமோ வடிவமோ மாறினாலும், இரத்தம் கசிந்தாலும், அளந்துகொண்டு காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்வோம். கணினி தருவது அளவு மட்டுமே. நோயைத் தீர்மானிப்பவர் மருத்துவரே.