அடுக்களைப் புகையும் அம்மாக்களின் இளைப்பும்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் தாமிரபரணிக் கரையூர்களில் முற்றத்து விறகடுப்பு வீட்டுக்குள் வந்துவிடும். விறகு ஈரம், சாரலுக்குப் பயந்து சன்னலும் சாத்தியிருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியபோது, சிலிண்டர் கிடைக்காத வீடுகளுக்கு நனைந்த உடைவிறகும் தென்னை மட்டையும்தான் கதி.

இளைப்போடு ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்களில் பலர் காலங்கடந்தே வருகிறார்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை என்றபோதே வந்திருக்கலாம். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடி இரவைக் கழித்து, உதடு நீலம் பாரித்த பிறகுதான் ஆட்டோ பிடிக்கிறார்கள்.

பீடி தொடாதவருக்கு எப்படி?

“அம்மாவுக்குப் புகைப் பழக்கமே கிடையாதே” என்று மகன்கள் வாதாடுவார்கள். முப்பது நாற்பது வருடம் ஊதுகுழலோடு அடுப்பு முன்னால் குனிந்திருந்தது கணக்கில் வருவதில்லை. சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு அதுவே போதும். வீட்டுக்குள் சேரும் புகையால் 2020-இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, ஓர் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சளிப் பரிசோதனை: நோயைக் கண்டுபிடிக்க இவ்வளவுதான்.

வழிவழியாக வரும் தப்புக் கணக்குகள்

கேஸ் அடுப்பில் வெந்த சோறு வயிற்றில் கேஸ் உண்டாக்கும் என்று இன்னமும் நம்புகிறார்கள். அடுப்பில் எரியும் வாயு சோற்றுக்குள் போவதில்லை. அந்த நம்பிக்கையில் சிலிண்டரைத் தேநீருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகு வைக்கிறார்கள். விலையும் ஒரு காரணம்தான், அதை மறுக்க முடியாது.

கருப்பட்டித் துண்டோ வாழைப்பழமோ தின்றால் நெஞ்சில் படிந்த கரி இறங்கிவிடும் என்பது இன்னொன்று. தின்றது இரைப்பைக்குப் போகிறது. கரி இருப்பது நுரையீரலில். புகை பட்டுக் கண்ணீர் வழிந்தால் கண் சுத்தமாகும் என்பதும் தவறு. கண் எரிச்சலில் அழுகிறது, அவ்வளவே.

கூரையில் பூச்சி அண்டாமலிருக்கப் புகை வேண்டும் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஓலையைக் காக்கும் அதே புகையைத்தான் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும் சுவாசிக்கிறது. குளிப்பாட்டிய குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவதையும் விட்டுவிட வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குக் குளிரக்கூடாதென்று மூடிய அறையில் கரிநெருப்பு வைப்பது கொலைக்குச் சமம். கணகணக்கும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

மெடிக்கல் கடை வைத்தியம்

இளைப்புக்கு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் ‘கலந்த மாத்திரை’யில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். முதல் வேளையிலேயே மூச்சு இலேசாகும். அதை நம்பி மாதக்கணக்கில் விழுங்கினால் சர்க்கரை ஏறும், எலும்பு உளுத்துப்போகும், கண்ணில் புரை விழும். இதைத் துணிந்து விழுங்குகிறவர்கள், நுரையீரலுக்கு நேரே போகும் இன்ஹேலரைக் கண்டால் மட்டும் ‘பழகிவிடும்’ என்று பயப்படுகிறார்கள். எத்தனை முறைதான் சொல்வது? இன்ஹேலர் போதைப்பொருள் அல்ல.

குழாய் வைத்தவர்கள் கவனத்துக்கு

புகைபோக்கி வைத்த அடுப்பு புதிதல்ல. 1980-களில் மத்திய அரசே அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஒடிசா கிராமங்களில் இத்தகைய அடுப்பு கொடுத்த வீடுகளை நாலு வருடம் வரை தொடர்ந்து பார்த்த ஆய்வில், முதல் வருடம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு பலன் மறைந்துவிட்டது. அடுப்பு உடைந்தது, குழாயைத் துடைப்பாரில்லை.

பழைய காரைக்கட்டு வீடுகளில் செங்கல் புகைக்கூண்டுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. உள்பூச்சு உதிர்ந்து விரிசல் விட்டால், அந்த வழியே புகை பரணுக்கும் படுக்கையறைக்கும் கசியும். தீப்பொறி உத்திரத்தைத் தொடும். கூண்டை முதலில் துடைத்து, மேலிருந்து கீழ்வரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்குவதே நல்லது. மேல் குழாயின் வாய் கீழ்க்குழாய்க்குள் செருகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரித்தண்ணீர் வெளியே ஒழுகும். கூண்டு இல்லாத ஓட்டு வீட்டில் தனிக்குழாய் கூரையைத் தாண்டுமிடத்தில் கைமரமோ ஓலையோ ஒரு முழத்துக்குள் இருக்கக்கூடாது. அங்கே தகரம் அடிக்க வேண்டும். குழாய் நுனி கூரை முகட்டைவிட இரண்டடியாவது உயர்ந்து, மழைத்தொப்பியோடு நிற்கட்டும்.

மிச்சமிருக்கும் பி.வி.சி. பைப்பைச் செருகுகிறவர்களும் இருக்கிறார்கள். அது உருகி நச்சுவாயுவைக் கக்கும். பழைய அஸ்பெஸ்டாஸ் குழாயை ரம்பத்தால் அறுக்கவே அறுக்காதீர்கள். அந்தத் தூசி புற்றுநோய் தரும். நனைத்து, முழுசாகக் கழற்றுங்கள்.

மழைக்கு முன்னால்

குழாய் வைத்தாலும் புகை முழுவதும் போகாது. முடிந்தவரை கேஸுக்கு மாறுங்கள். முடியாதவர்கள் புரட்டாசியிலேயே குழாயைத் துடையுங்கள், விறகை வெயிலில் காயவைத்துத் தார்ப்பாய்க்குள் அடுக்குங்கள். சூலியையும் கைக்குழந்தையையும் அடுப்பண்டை உட்கார வைக்காதீர்கள். ஆச்சி பாயை அடுக்களையில் விரித்தால் வேறு அறைக்கு மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், தயவுசெய்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவுக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ அந்த வாரமே அழைத்துப் போங்கள்.