போனைக் கேட்டால் உத்தரவைக் கேட்கலாம்

2021 அக்டோபர். ஐதராபாத் தெருக்களில் வண்டிகளை மறித்த போலீசார் இளைஞர்களின் போனை வாங்கி, வாட்ஸ்அப்பில் 'கஞ்சா' என்று தட்டித் தேடிய காணொலி நாடெங்கும் சுற்றியது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, அவர்களாகவே கொடுத்தார்கள் என்றது காவல்துறை. நடுரோட்டில் சீருடைக்கு முன்னால் நிற்கும் பையனிடம் 'இஷ்டம்' எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

போலீஸ் போனைக் கேட்கவே கூடாது என்பதல்ல. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு, விசாரணைக்குத் தேவையென்றால் போனையும் ஒப்படைக்கச் சொல்ல இடம் தருகிறது. ஆனால் நிலையப் பொறுப்பு அதிகாரி அதை எழுத்தில் தரவேண்டும். வாரண்ட் இல்லாமல் தேடினால் காரணத்தை முன்பே எழுதிவைக்கவேண்டும் (பிரிவு 185). தேடுவதும் கைப்பற்றுவதும் வீடியோவில் பதிவாகவேண்டும் (பிரிவு 105). வாய்மொழியாக "போனைத் திற" என்பது இந்தப் படிகளையெல்லாம் தாண்டிக் குதிப்பது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் சொன்னதும் இதற்காகத்தான்: சட்டம் இருக்கவேண்டும், தேவை இருக்கவேண்டும், கேட்பது தேவையின் அளவோடு நிற்கவேண்டும்.

பாஸ்வேர்டு விஷயம் இழுபறி. குற்றம் சாட்டப்பட்டவர் அதைச் சொல்வது தனக்கெதிராகச் சாட்சி சொல்வதாகாது என்றது கர்நாடக உயர் நீதிமன்றம், 2021இல். 2023இல் டெல்லி உயர் நீதிமன்றமோ, தனக்கெதிராகச் சாட்சி சொல்ல யாரையும் வற்புறுத்தக்கூடாது என்னும் அரசியல் சாசனத்தின் 20(3) இருக்கும்போது கட்டாயப்படுத்த முடியாது என்றது. சிக்கியவர் வக்கீலைக் கேட்காமல் எதையும் சொல்லாதிருப்பதே நல்லது.

நீதிமன்றமே அளவு மீறிக் கேட்டதும் உண்டு. கூகுள் மேப்பில் இருப்பிடத்தைப் பகிரவேண்டும் என்ற ஜாமீன் நிபந்தனை செல்லாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜாமீனில் வந்தவரை எந்நேரமும் எட்டிப்பார்க்க விசாரணை அமைப்புக்கு வழி செய்யக்கூடாது என்பது அதன் சாரம்.

2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இங்கே நம்பிப் பயனில்லை. குற்றத்தைத் தடுக்க, துப்புத் துலக்க என்று வரும்போது அதன் பெரும்பகுதிக்கு விலக்கு உண்டு.

இனி அன்றாட நடைமுறை. டிஜிலாக்கரில் லைசென்ஸ் காட்டுவோர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காட்டலாம். விசாரணைக்கு அழைப்பதற்கும் வரம்பு உண்டு: சாட்சியாக அழைக்கப்படும் பெண்களும் 60 வயது கடந்தவர்களும் ஸ்டேஷனுக்குப் போகவேண்டியதில்லை. வீட்டுக்கே வந்துதான் விசாரிக்கவேண்டும். வீடியோ கால் போட்டு 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி வங்கி விவரம் கேட்பவர் போலீசே அல்ல. அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழைக்கவேண்டும்.

உரிமை உண்டு என்பதற்காக ரோட்டில் சட்டம் பேசி மல்லுக்கட்ட வேண்டாம். எந்த வழக்கு, உத்தரவு எங்கே என்று நிதானமாகக் கேட்டு, அதிகாரியின் பெயர், ஸ்டேஷன், நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளலாம். போனைக் கைப்பற்றினால் மகஜர் நகலைக் கேட்டு வாங்கி, திரும்பப் பெற மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். அத்துமீறலென்றால் உயர் நீதிமன்றமும் மாநில மனித உரிமை ஆணையமும் உண்டு. ஆணையத்துக்கான புகார், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போய்ச் சேரவேண்டும்.