மோட்டார் டிரைவர் வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு

வீட்டின் வழவழப்பான தரையில் அழகாக ஓடிய நான்கு சக்கர ரோவர், பள்ளி மண்டபத்தின் கம்பளத்தில் வைத்ததும் திணறுகிறது. நேராக ஓரளவு போகிறது. திரும்பச் சொன்னால் முனகிக்கொண்டு நிற்கிறது. உள்ளே இருக்கும் பலகையைத் தொட்டால் கை சுடுகிறது. நிரலில்தான் பிழை என்று நினைத்து இரவெல்லாம் வரி வரியாகத் திருத்துகிறோம், பலன் இல்லை.

ரோபோ செய்யத் தொடங்கும் மாணவர் பலருக்கு இது பழகிய காட்சி. இத்தகைய கோளாறு பெரும்பாலும் நிரலில் இருப்பதில்லை. கடையில் மோட்டார் டிரைவர் வாங்கிய அன்றே அது தொடங்கிவிடுகிறது.

டிரைவர் எதற்கு?

ஆர்டுயினோ ஊனோவின் ஒரு முனை தாங்கக்கூடிய மின்னோட்டம் அதிகபட்சம் 40 மில்லி ஆம்பியர். சிறிய மோட்டாருக்கே இதைவிடப் பல மடங்கு வேண்டும். ஆகவே ஆர்டுயினோ கட்டளை மட்டும் தரும். டிரைவர் மின்கலத்திலிருந்து மின்சாரத்தை எடுத்து மோட்டாருக்கு அனுப்பும்.

டிரைவரின் உள்ளே ஆங்கில ‘எச்’ எழுத்தின் வடிவில் நான்கு சுவிட்சுகள் உள்ளன. அதனால்தான் இதற்கு ‘எச் பிரிட்ஜ்’ என்று பெயர். எந்த இரண்டு சுவிட்சுகள் மூடுகின்றன என்பதைப் பொறுத்து மோட்டார் முன்னோக்கியோ பின்னோக்கியோ சுழலும். அவற்றை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை திறந்து மூடினால் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

நின்றுபோன மோட்டார்தான் அதிகம் இழுக்கும்

பள்ளித் திட்டங்களில் பெரும்பாலும் காணப்படுவது மஞ்சள் நிற ‘டிடி’ மோட்டார். 6 வோல்ட்டில் தடையின்றிச் சுழலும்போது அது சுமார் 160 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். சக்கரம் அசையாமல் சிக்கிக்கொண்டால் அதே மோட்டார் சுமார் 1.5 ஆம்பியர் இழுக்கும். ஏறக்குறைய ஒன்பது மடங்கு! டிரைவரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டாவது எண்ணையே பார்க்க வேண்டும்.

சக்கரம் எப்போது சிக்கும்? மேட்டில் ஏறும்போது, சுவரில் முட்டும்போது, திரும்பும்போது. இவ்வகை ரோவருக்குக் காரைப் போல் சக்கரத்தை வளைக்கத் தெரியாது. இடப்பக்கச் சக்கரங்கள் ஒரு திசையிலும் வலப்பக்கச் சக்கரங்கள் மறு திசையிலும் சுழல, டயர்கள் தரையில் பக்கவாட்டில் உராய்ந்துதான் திரும்புகிறது. வழுக்கும் தரையில் இது எளிது; கம்பளத்தில் கடினம்.

இந்த எண்ணை நீங்களே கண்டறியலாம். மல்டிமீட்டரால் மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையே மின்தடையை அளங்கள். அச்சை மெல்லத் திருப்பித் திருப்பி அளந்து, கிடைப்பதில் மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது 4 ஓம் என்றால், ஓம் விதிப்படி 6 வோல்ட்டை 4 ஓமால் வகுக்க 1.5 ஆம்பியர். இயற்பியல் பாடத்தில் படித்த விதி இங்கே பணத்தை மிச்சப்படுத்துகிறது. ஒரு பக்கத்தின் இரண்டு மோட்டார்களையும் ஒரே வழியில் இணைத்தால் அந்த வழிக்கு 3 ஆம்பியர் தேவைப்படலாம்.

எந்தப் பலகை?

சிவப்பு நிறப் பலகையில் கருப்பு வெப்பத்தகட்டுடன் வரும் எல்298என் மலிவானது. இணையக் காணொளிகளில் அதிகம் காணப்படுவதும் அதுதான். ஒரு வழிக்கு 2 ஆம்பியர் தாங்கும். ஆனால் அது பழைய வகை டிரான்சிஸ்டரால் ஆனது. 1 ஆம்பியர் ஓடும்போதே குறைந்தது 1.8 வோல்ட்டைத் தானே விழுங்கி வெப்பமாக்கிவிடும். 6 வோல்ட் மின்கலத்தில் மோட்டாருக்கு எஞ்சுவது அதிகபட்சம் 4.2 வோல்ட்தான். கம்பளத்தில் ரோவர் முனகியதற்கும் பலகை சுட்டதற்கும் இதுவே காரணம். 12 வோல்ட்டில் இயங்கும் சிறிய மோட்டாருக்கு இதே இழப்பு அவ்வளவாகத் தெரியாது.

டிபி6612 என்பது மாஸ்ஃபெட் வகை. 1 ஆம்பியரில் அரை வோல்ட் அளவே இழக்கும். ஒரு வழிக்குத் தொடர்ச்சியாக 1.2 ஆம்பியரும், நொடிப்பொழுதுக்கு 3.2 ஆம்பியரும் தாங்கும். இரண்டு மோட்டார் ரோவருக்கு இது நன்கு பொருந்தும். நான்கு மோட்டாருக்கு விளிம்பில் நிற்கும்.

நம் நாட்டு நிறுவனமான சைட்ரானின் எம்டிடி3ஏ பலகை ஒரு வழிக்கு 3 ஆம்பியரைத் தொடர்ந்து தரும். 4 முதல் 16 வோல்ட் வரை ஏற்கும். நிரல் இல்லாமலே மோட்டாரைச் சுழற்றிப் பார்க்கும் பொத்தான்களும் இதில் உண்டு. கோளாறு நிரலிலா, கம்பியிலா என்பதை அவற்றை அழுத்தியே தெரிந்துகொள்ளலாம். கார் சன்னல் மோட்டார் போன்ற பெரியவற்றுக்கு அதே நிறுவனத்தின் 10 ஆம்பியர் எம்டிடி10ஏ இருக்கிறது.

விளம்பர எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பிடிஎஸ்7960 பலகைகள் ‘43 ஆம்பியர்’ என்று விற்கப்படுகின்றன. அது அந்தச் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் எல்லை. சிறிய வெப்பத்தகட்டுடன் நாள் முழுதும் அவ்வளவு தரும் என்று பொருளல்ல.

கடைக்குப் போகும் முன்

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறி வந்தாலும், பிரிக்ஃபீல்ட்சிலிருந்து புறப்பட்டாலும், புடுவில் ஜாலான் பாசார் கடைகளுக்குள் நுழையும் முன் மூன்று எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: மின்கலத்தின் வோல்ட், மோட்டார் சிக்கும்போது இழுக்கும் ஆம்பியர், ஒரு வழிக்கு எத்தனை மோட்டார். பின் இரண்டையும் பெருக்கி, அதைத் தொடர்ச்சியாகத் தாங்கும் பலகையைக் கேளுங்கள். ‘உச்ச’ அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வீடு திரும்பியதும் ஆர்டுயினோவின் கிரவுண்டையும் டிரைவரின் கிரவுண்டையும் இணைக்க மறவாதீர்கள். மின்கலக் கம்பியில் ஒரு ஃபியூஸ் வையுங்கள். நேர்முனை, எதிர்முனை மாறினால் மலிவுப் பலகைகள் பல அங்கேயே கருகிவிடும். திரும்பும்போது ஆர்டுயினோ அணைந்து மீண்டும் எழுந்தால், மோட்டார் இழுக்கும் வேகத்தில் மின்கலத்தின் அழுத்தம் சரிகிறது என்று அறியுங்கள்.

2006இல் ஆசிய பசிபிக் ரோபோக்கோன் போட்டி நம் கோலாலம்பூரில் நடந்தது. இரட்டைக் கோபுரம் கட்டுவதே ரோபோக்களுக்குத் தரப்பட்ட பணி. பத்து ஆண்டுகள் கழித்து, 2016இல் பேங்காக்கில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அணி அதே போட்டியில் வாகை சூடியது. அந்த மேடைக்குப் போக ஆசைப்படும் மாணவர்கள் இன்றே ஒரு மோட்டாரையும் மல்டிமீட்டரையும் எடுத்து, முதல் எண்ணை அளந்து பாருங்கள்.