ஏரியை அளந்தவர்களும் ஏரியில் நின்றவர்களும்



ஆய்வு என்றால் என்ன, அது யாருக்கானது என்று பேசும்படி இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு எங்களை அழைத்தார்கள். பொதுவாகப் பேசினால் காற்றில் கத்தி வீசுவதாகிவிடும். எனவே ஒரே ஓர் இடத்தில் காலூன்றி நின்று பேசுகிறோம். டச்சுக்காரர்கள் 1613இல் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை இடிந்து கிடக்கும் பழவேற்காட்டில், ஏரியும் கடலும் கூடுமிடத்திற்கு அருகில் இருக்கும் மீனவர் ஊர் கோட்டைக்குப்பம். இயற்பியலும் உயிரியலும் சமூகவியலும் மாறிமாறி வந்து பார்த்துவிட்டுப் போன பகுதி இது.

முதுகலை படித்த நாட்களில் நாங்களும் ஒரு வினாத்தாளோடு அங்கே போனோம். ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘மீனவர்’, ‘வியாபாரம்’, ‘இல்லத்தரசி’ என்று ஏற்கெனவே அச்சிட்டிருந்தது. இருளர் குடியிருப்பில் ஓர் அம்மாவிடம் கேட்டோம். அவருக்கு வலை கிடையாது, படகு கிடையாது. நாங்கள் யோசிக்காமல் ‘இல்லத்தரசி’யில் குறியிட்டோம். அவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இன்னா எழுதின? காலைலேர்ந்து இடுப்பளவு தண்ணில எறா தடவிட்டு வர்றேன், அது உங்க காயிதத்துல இல்லியா?” இல்லைதான். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றில் கைவிட்டு இறால் பிடிக்கும் பெண்களுக்கு எங்கள் தாளில் இடமே இல்லை. அந்தத் தாளைத் தயாரித்தவர்கள் நாங்களேதான். இன்றைய பேச்சு அந்தக் கட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் மணல். பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். இவ்வளவு ஆழமற்ற ஏரி உயிரோடிருப்பது முகத்துவாரம் திறந்திருப்பதால். அது அடைபட்டால் கோடையில் நீர் வற்றி உப்பு ஏறும். சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் அது திரும்பினாலும், ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் கல் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றதும் இராயபுரம் பக்கம் கடல் ஏறியதும் இப்படித்தான். எண்ணூர்த் துறைமுகம் 2001இல் இயங்கத் தொடங்கியது. அதன்பின் காட்டுப்பள்ளி வந்தது. இரண்டும் பழவேற்காட்டுக்குத் தெற்கே இருக்கின்றன. துறைமுக விரிவாக்கம் என்றதும் மீனவர்கள் கொதித்தெழுவதற்கு இந்த இயற்பியல்தான் காரணம். அதை அவர்கள் பாடமாகப் படித்ததில்லை, கரையில் நின்று பார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது இறால். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. அப்படித் திரும்பும் இறால்தான் வாய்க்காலை ஒட்டிக் கட்டும் வலைகளில் விழுகிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் பி.ஜே. சஞ்சீவராஜ் பல பத்தாண்டுகள் இந்த ஏரியின் உயிர்களைக் கவனித்தவர். ஏரியின் பேருயிரிகளைப் பற்றிய அவருடைய தொகுப்பை 2006இல் தேசியப் பல்லுயிர் ஆணையம் வெளியிட்டது. பொறுமையாகச் செய்த வேலை அது. மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். ஆனால் இறாலையும் நண்டையும் எண்ணுவது விலங்கியலின் எல்லை என்றால், அவற்றைப் பிடிக்கும் கைகளை எண்ணுவது எந்தத் துறையின் வேலை?

சமூகவியலின் வேலை என்று நீங்கள் சொல்வீர்கள். அது என்ன செய்தது என்று பார்ப்போம். கோட்டைக்குப்பமும் அதன் பக்கத்துக் குப்பங்களும் உலக ஆய்விதழ்களில் இடம்பெற்றது ‘பாடு’ முறையால். ஏரியில் மீன்படும் இடங்களைப் பாடுகளாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறிடம். யாரும் ஒரே இடத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. அரசும் இல்லாமல் தனியார் உடைமையும் இல்லாமல் பொதுவளத்தை மக்களே காக்க முடியும் என்று எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் நூல் எழுதினார். 2009இல் பொருளியல் நோபல் பெற்றார். அந்த வாதத்திற்குப் பாடு போன்ற முறைகள் நல்ல சாட்சி. கொச்சிப் பக்கத்துப் பாடு பற்றி லோப், பெர்க்கஸ் இருவரும் 2004இல் எழுதினார்கள். இலங்கையின் நீர்கொழும்பிலும் இதைப்போலவே சீட்டெடுத்து வலை கட்டும் வழக்கம் உண்டு.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டுகிறோம். ஆனால் சீட்டுக் குலுக்கும் பானைக்குள் யாருடைய பெயர் விழுகிறது? பழவேற்காட்டுப் பாடு, பட்டினவர் சமூகத்துக் குப்பங்களின் தலைக்கட்டுகளுக்கு உரியது. தலைக்கட்டு என்றால் ஆண். அதே ஏரியில் இறங்கும் தலித்துகளுக்கும் இருளருக்கும் அந்தப் பானையில் பெயர் இல்லை. குப்பத்துப் பெண்களுக்கும் இல்லை. உள்ளே சமத்துவம், வெளியே வேலி. ஊருக்குள் நீதியான பங்கீடு, சேரிக்குப் பங்கே கிடையாது என்பதை நிலத்தில் நாம் பார்த்திருக்கிறோம். தண்ணீரில் பார்த்தபோது அதற்குப் ‘பாரம்பரிய மேலாண்மை’ என்று பெயர் வைத்தார்கள். சாரா கூல்தார்டு 2008இல் எழுதிய பழவேற்காட்டுக் கட்டுரை, பாட்டுக்குள் இருப்பவர், வெளியே இருப்பவர் என்ற பிளவைச் சாதியோடு சேர்த்துப் பேசியது. அதனால்தான் அதைத் தனியாகச் சொல்கிறோம்.

இதைச் சொன்னதும் கோட்டைக்குப்பத்தாரை எதிரியாக்குகிறோம் என்று சில தோழர்கள் சங்கடப்படுவார்கள். அப்படியில்லை. முகத்துவாரம் அடைபட்டால் பட்டினவருக்கும் அடுப்பெரியாது. ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்ற கட்டளை அவர்களுக்கும்தான். ஆனால் மீன்பாடு குறையும்போது முதலில் விரட்டப்படுபவர் உரிமைச்சீட்டு இல்லாதவர். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ராக்கெட் என்றதும் இன்னொன்று. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971இல் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அந்தத் தீவின் காட்டில் வாழ்ந்தவர்கள் யானாதிப் பழங்குடியினர். விண்வெளி ஆய்வுக்காக அவர்கள் இடம்பெயர வேண்டியிருந்தது. விண்வெளி ஆய்வின் சாதனைப் பட்டியலில் இந்தக் கணக்கு சேருவதில்லை.

யானாதிகளை அதற்கு முன்பே ஒருவர் எழுதியிருக்கிறார். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் தொகுத்தார். தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்த காலம் அது. மூக்கின் அளவு சாதியின் உயரத்தைச் சொல்லும் என்று நம்பினார்கள். அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டத்தகாதவர்கள்’ பற்றிய நூலில் அதே மூக்கு அளவுகளை எடுத்து, பிராமணரும் தீண்டத்தகாதவரும் வேறுவேறு இனம் என்ற கதை நிற்காது என்று காட்டினார். நம்மை அளந்த கோலைப் பிடுங்கி, அளந்தவர்களின் கணக்கைச் சரிபார்த்தார். ஆய்வே வேண்டாம் என்று சொல்லும் இளைஞர்களுக்கு நாங்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறோம்.

கோபால் குரு 2002இல் எழுதிய கட்டுரை ஒன்று, இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு செய்பவர் ஒரு சாதி, தரவு சேகரிப்பவர் இன்னொரு சாதி என்று கண்டித்தது. ஏரிக்கரையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். முட்டளவு சேற்றில் நின்று நீர் மாதிரி எடுத்துக் கொடுக்கும் பையன் இருளர். மீனின் ஊர்ப்பெயரைச் சொல்பவர் கிழவர். கட்டுரையில் பெயர் வருவது வேறொருவருக்கு. நன்றியுரையில் ‘உள்ளூர் மக்கள்’ என்று ஒரே சொல்லில் எல்லாரும் முடிந்துபோகிறார்கள்.

மொழியும் அப்படித்தான். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பொதுவிசாரணைக்கு முன் சுருக்கத்தை வட்டார மொழியில் தரச் சொல்கிறது. முழு அறிக்கை ஆங்கிலத்திலேயே இருந்துவிடலாம். மணல் எங்கே போகும், இறால்குஞ்சு எங்கே சாகும் என்பதெல்லாம் அந்தப் பெரிய அறிக்கைக்குள் புதைந்திருக்கும். ஊர்க்காரர் கையில் சுருக்கம்தான் இருக்கும்.

இப்போது எங்களோடு வரும் மாணவர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் விதிகள் சில. ‘தொழில்’ கட்டத்தைக் காலியாக விடு. அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுது. எழுதியதைத் தமிழில் ஊர்நடுவே ஒருமுறை வாசி. குப்பத்தில் ஒருமுறை, சேரியில் ஒருமுறை, இருளர் குடியிருப்பில் ஒருமுறை, தனித்தனியாக. ஒரே கூட்டமாக வைத்தால் யார் வாய் திறப்பார், யார் பேசாமல் நிற்பார் என்பது உங்களுக்குத் தெரியும்.

சென்ற முறை இருளர் குடியிருப்பில் வாசிப்பைக் காலை பத்து மணிக்கு வைத்திருந்தோம். நான்கைந்து சிறுபிள்ளைகள் மட்டும் வந்திருந்தார்கள். மதியத்துக்குமேல் ஈரச் சேலையோடு கரையேறிய பெண்கள், அடுத்தமுறை நீர் ஏறும் நேரம் பார்த்து வரச் சொன்னார்கள். வற்றும் நேரத்தில் அவர்கள் ஏரியில் இருப்பார்கள்.