திமிலைப் பிடித்த கையும் கழுத்து நரம்பும்

பொங்கலுக்கு முன்பே புதுக்கோட்டை மாவட்டம் தச்சங்குறிச்சியில் வாடிவாசல் திறந்துவிடும். மாடுபிடி வீரர்களைக் களத்தில் இறக்குவதற்கு முன் மருத்துவக் குழு பிரஷர் பார்க்கிறது. வரிசையில் நிற்கும் இளைஞருக்கு 120/80 இருக்கலாம். அவரே காளையின் திமிலைக் கட்டிக்கொண்டு தொங்கும்போது அந்த எண் எங்கே போய் நிற்கும்?

களத்தில் அதை அளக்க வழியில்லை. ஆனால் இதற்கு நெருக்கமான ஒன்றைக் கனடாவில் ஆய்வாளர் மெக்டூகலின் குழுவினர் அளந்து 1985இல் வெளியிட்டார்கள். உடற்கட்டு வீரர்கள் ஐவரின் கைத் தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, இரு கால்களாலும் பெரும் எடையைத் தள்ளச் சொன்னார்கள். சராசரி அழுத்தம் 320/250க்கு ஏறியது. ஒருவருக்கு 480/350!

அழுத்தத்தைக் கண்காணிக்கும் உணரிகள் நம் கழுத்திலேயே இருக்கின்றன. தாடை மூலைக்குச் சற்றுக் கீழே கழுத்துத் தமனி இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடத்தில் சிறிய புடைப்பு. அங்கே தமனிச் சுவர் மெலிந்து, எளிதில் விரியும்படி இருக்கும். அதற்குள் நரம்பு நுனிகள் பின்னிக் கிடக்கின்றன. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் இதேபோன்ற நுனிகள் உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் சுவர் எவ்வளவு விரிந்தது என்பதை இவை மூளைத்தண்டில் உள்ள முகுளத்துக்குச் சொல்கின்றன. அழுத்தம் கூடினால் முகுளம் வேகஸ் நரம்பின் வழியே இதயத்தை நிதானப்படுத்தி, இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். குறைந்தால் நேர்மாறாகச் செய்யும். எல்லாம் சில விநாடிகளில் நடந்துவிடும். கழுத்தின் இந்தப் பகுதியை அழுத்தினால் சிலருக்கு மயக்கமே வரும். விளையாட்டுக்குக்கூட அழுத்திப் பார்க்கக் கூடாது.

அப்படியானால் ஓடத் தொடங்கி அழுத்தம் ஏறியதுமே இந்த உணரிகள் இதயத்தை அடக்கிவிட வேண்டுமே? ஓட்டத்தின்போது அவை அணைந்துவிடுகின்றன என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். உண்மையில் அவை விழித்தே இருக்கின்றன; இலக்குதான் மாறுகிறது. ஏசியில் 24 டிகிரியை 28 என்று மாற்றி வைப்பதுபோல, உடற்பயிற்சிக்கு ஏற்ற உயர்ந்த அழுத்தத்தை முகுளம் புதிய அளவாக எடுத்துக்கொள்கிறது.

மாற்றி வைப்பது யார்? கால்களை இயக்க மூளை கொடுக்கும் ஆணையே முகுளத்தையும் எட்டிவிடுகிறது. இன்னொரு செய்தி தசையிலிருந்தே வருகிறது. 1937இல் அலாம், ஸ்மிர்க் என்ற இருவர், வேலை செய்த தசைக்குள் இரத்த ஓட்டத்தைத் தடுத்து வைத்தால், வேலை நின்ற பிறகும் அழுத்தம் பழைய நிலைக்கு இறங்குவதில்லை என்று காட்டினார்கள். தேங்கிய வேதிப்பொருள்கள் நரம்பைத் தூண்டிக்கொண்டே இருந்ததுதான் காரணம். தசையை அழுத்தும்போது அதன் மெல்லிய நரம்பிழைகள் எப்படித் தூண்டப்படுகின்றன என்பதை 1960இல் விரிவாக ஆராய்ந்தவர் நம் நாட்டு அவ்தார் சிங் பெய்ன்டல். இதய மேலறையின் உணரிகளையும் நுரையீரலின் ‘ஜே’ உணரிகளையும் உலகுக்குக் காட்டியவர் அவர். நம் பாடநூல்களில் அவர் பெயர் இன்னும் பெரிதாக இடம்பெற வேண்டும்.

எல்லா உழைப்பும் ஒன்றல்ல. அதே புதுக்கோட்டை மாவட்டத்தின் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சவுந்தரராஜன் 2006இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3 விநாடிகளில் ஓடி இரண்டாவதாக வந்தார். (பாலினச் சோதனையின் பேரில் அந்த வெள்ளியைப் பறித்தது தனியே பேச வேண்டிய அநீதி.) அப்படி ஓடும்போது கால் தசைகளின் குழாய்கள் அகலமாகத் திறக்கின்றன, அதனால் மேல் எண் ஏறினாலும் கீழ் எண் பெரிதாக அசைவதில்லை. திமிலை இறுக்கிப் பிடிப்பவருக்கோ, முறுக்கிய தசை தன் குழாய்களையே நெரிக்கிறது. மூச்சையும் அடக்கிக்கொண்டால் இரண்டு எண்களும் சேர்ந்து எகிறும்.

ஓட்டம் முடிந்த நிமிடமும் ஆபத்தானதுதான். ஓடும்வரை கெண்டைக்கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. சட்டென்று நின்றால் அந்தத் தள்ளல் நிற்கும். குழாய்களோ இன்னும் விரிந்தே கிடக்கும். இரத்தம் காலில் தங்கி, கழுத்து உணரிகள் சமாளிப்பதற்குள் கண் இருட்டிவிடும். பள்ளி விளையாட்டு விழாக்களில் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் பிள்ளைகள் சரிவதற்கு இது முக்கியக் காரணம்.

ஆகவே உடற்கல்வி ஆசிரியர்கள், ஓடி வந்த பிள்ளையை உடனே நிற்கவோ உட்காரவோ விடாமல் சில நிமிடம் நடக்க வையுங்கள். மயங்கிவிட்டால் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பெரிய எடையைத் தூக்க வேண்டாம். தூக்கும்போது மூச்சை அடக்கவும் வேண்டாம்.