பெயர் ஒன்று, இலக்கம் வேறு: இரு லினக்ஸ் கணினிகளுக்கிடையே ஓர் அனுமதிப் பிழை

பழைய சஞ்சிகைகளையும் கையேடுகளையும் ஸ்கேன் செய்து காப்பாற்றும் வேலையில் இறங்குகிறவர்களிடம் பெரிய பணம் இருப்பதில்லை. பாவித்த கணினிகள் இரண்டு, ஒரு ஸ்கேனர், செலவில்லாமல் கிடைக்கும் லினக்ஸ். நானும் அப்படித்தான் தொடங்கினேன். படங்களெல்லாம் பெரிய வன்தட்டு உள்ள ஒரு கணினியில் இருக்கும். ஸ்கேனர் பூட்டிய மற்றக் கணினி, என்.எப்.எஸ். என்ற ஏற்பாட்டின் வழியாக அந்த வன்தட்டைத் தன்னுடையதைப் போலப் பாவிக்கும். இப்படி இணைப்பதைத்தான் 'மவுண்ட்' செய்தல் என்கிறோம்.

முதல் நாளே ஸ்கேன் செய்யும் தம்பி கூப்பிட்டார்: "நானா, பக்கமெல்லாம் திறக்குது. சேவ் பண்ணத்தான் ஏலாம கிடக்கு." திரையில் 'பெர்மிஷன் டினைட்' என்று நின்றது. அனுமதி இல்லையாம்.

அன்று நான் செய்த காரியத்தை இங்கே சொல்லத்தான் வேண்டும். வழங்கும் கணினிக்குப் போய், அந்தக் கோப்புறைக்கு 'சிஎச்மொட் 777' என்று கொடுத்துவிட்டேன். யாரும் வாசிக்கலாம், யாரும் எழுதலாம் என்பது அதன் பொருள். பிழை உடனே போய்விட்டது. இரண்டு கிழமைக்குப் பிறகு, புதிதாக உதவிக்கு வந்த ஒருவர், இடம் பிடிக்குதெண்டு அங்கேயிருந்த 'பழைய' படங்களைத் துப்புரவு செய்துவிட்டார். 112 பக்கங்கள். 71 பக்கங்கள் வேறொரு மடிக்கணினியில் இருந்து தப்பின. மிச்சம் 41 பக்கங்களுக்காக அந்த ஏட்டை வைத்திருக்கும் வீட்டுக்கு மறுபடி போனோம். ஒவ்வொரு முறை புரட்டும்போதும் ஓரம் உதிர்கிற ஏடு அது.

அவர் மேல் குற்றமில்லை. லினக்ஸில் ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அந்தக் கோப்பில் இல்லை. அது இருக்கும் கோப்புறையில்தான் இருக்கிறது. கோப்புறையை எல்லோருக்கும் திறந்துவிட்டால், உள்ளே கிடப்பதை எல்லோரும் அழிக்கலாம். திறந்துவிட்டவன் நான்.

உண்மையான காரணம்

என்.எப்.எஸ். 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவானது. ஒரே நிறுவனத்தின் கணினிகள், ஒரே நிருவாகி, எல்லாக் கணினியிலும் ஒரே பாவனையாளர் பட்டியல் என்பதுதான் அது எதிர்பார்த்த சூழல். அதனால் வழக்கமான அமைப்பில் அது பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்பதில்லை. பாவனையாளர் இலக்கம் ஒன்றையே பார்க்கிறது.

நம்மூரில் "பாரூக் நானா" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வங்கியில் அது செல்லாது. அடையாள அட்டை இலக்கம்தான் கணக்கு. என்.எப்.எஸ்.உம் அந்த வங்கி மாதிரித்தான்.

எங்களிடம் நடந்தது இதுதான். உபுண்டுவில் முதலாவதாகத் திறக்கும் கணக்குக்கு 1000 என்ற இலக்கம் கிடைக்கும், அடுத்ததற்கு 1001. வழங்கும் கணினியில் முதல் கணக்கு அதைப் பொருத்தித் தந்தவருடையது. நாங்கள் பிறகு திறந்த 'நூலகம்' என்ற கணக்கு 1001. ஸ்கேனர் கணினியிலோ 'நூலகம்'தான் முதல் கணக்கு, ஆகவே 1000. இரண்டு பக்கமும் பெயர் ஒன்றே. ஆனால் எங்கள் தம்பி எழுதப் போகும்போது, வழங்கும் கணினியின் கண்ணுக்கு அவர் வேறு ஆள். வாசிக்கும் அனுமதி எல்லோருக்கும் இருந்தது. எழுதும் அனுமதி 1001க்கு மட்டும்.

முதலில் வாசகத்தை வாசியுங்கள்

எல்லா மறுப்பும் ஒரே மறுப்பல்ல. கணினி எந்த நேரத்தில், என்ன சொல்லி மறுக்கிறது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

மவுண்ட் செய்யும்போதே வழங்கும் கணினி மறுத்தால், கோளாறு பெரும்பாலும் அதன் 'எக்ஸ்போர்ட்ஸ்' கோப்பில் இருக்கும். எந்தக் கோப்புறையை எந்த முகவரிக்குக் கொடுப்பது என்று எழுதும் இடம் அது. ரவுட்டர் உங்கள் கணினிக்குப் புது முகவரி கொடுத்திருக்கலாம். கோப்பைத் திருத்திவிட்டு 'எக்ஸ்போர்ட்எப்எஸ்' கட்டளையை ஆர், ஏ என்ற தெரிவுகளோடு ஓட்ட மறந்திருக்கலாம். இன்னுமொரு பொல்லாத பிழை உண்டு: முகவரிக்கும் அதையடுத்த அடைப்புக்குறிக்கும் நடுவில் இடைவெளி விடக்கூடாது. விட்டால், நீங்கள் குறித்த கணினிக்கு வாசிக்க மட்டுமே அனுமதி கிடைக்கும். எழுதும் அனுமதி மற்ற எல்லாருக்கும் போய்விடும்! ஓர் இடைவெளி, பொருள் தலைகீழ்.

மவுண்ட் ஆகிவிட்டது, எழுதும்போது 'ரீட் ஒன்லி' என்கிறதா? எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் எழுதும் அனுமதி கொடுபடவில்லை, அல்லது மவுண்ட் செய்தபோதே வாசிப்புக்கு மட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மவுண்ட் ஆகிறது, வாசிக்க முடிகிறது, எழுதும்போது மட்டும் 'பெர்மிஷன் டினைட்' என்றால், முதலில் இலக்கத்தைச் சந்தேகியுங்கள். இரு கணினியிலும் 'ஐடி' என்ற கட்டளையைக் கொடுத்து இலக்கங்களை ஒப்பிடுங்கள். 'எல்எஸ்' கட்டளையோடு எல், என் என்ற இரண்டையும் சேர்த்தால் கோப்பின் உரிமையாளர் இலக்கமாகத் தெரிவார். என்.எப்.எஸ். 4ஆம் பதிப்பில் பட்டியலில் பெயர்கள் சரியாகத் தெரிந்தாலும் ஏமாற வேண்டாம். கேர்பரோஸ் பாதுகாப்பு பூட்டாதவரை சோதனை இலக்கத்தில்தான்.

"ரூட்டாகப் போய் எழுதிப் பார்த்தேன், அதுவும் ஏலாதெண்டுது" என்பார்கள். அது பிழையல்ல, காவல். வாங்கும் கணினியின் ரூட்டை வழங்கும் கணினி 65534 என்ற யாருமற்ற இலக்கமாக மாற்றிவிடும். 'ரூட் ஸ்குவாஷ்' என்ற இந்த ஏற்பாட்டை அவசரத்தில் நீக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று: வாங்கும் கணினியில் மவுண்ட் செய்யும் வெறும் கோப்புறையின் உரிமையை மவுண்டுக்கு முன் எவ்வளவு மாற்றினாலும் பலனில்லை. மவுண்ட் ஆனதும் வழங்கும் கணினியின் உரிமைதான் மேலே வந்து நிற்கும்.

திருத்தம்

எதுவும் சேராத புதுக் கணினியில் இலக்கத்தை மாற்றுவதே இலகு. வேறொரு நிருவாகக் கணக்கில் நுழைந்து, 1001 அங்கே வேறு யாருக்கும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, 'யூசர்மொட்' கட்டளையால் 'நூலகம்' கணக்கை 1001 ஆக்கினோம். குழு இலக்கத்தை 'குரூப்மொட்' மாற்றியது. வீட்டுக் கோப்புறைக்குள் உள்ளவற்றின் பாவனையாளர் இலக்கம் மட்டும் தானாகவே மாறும். வெளியே கிடப்பவற்றை 'சிஎச்ஓன்' கொண்டு நாம்தான் மாற்ற வேண்டும். பிறகு 777ஐ 755 ஆக்கினேன். தம்பி சேவ் பண்ணினார், போனது.

அதோடு இரண்டு காரியம் செய்தோம். முடிந்த மூலப் படங்களை வேறு கோப்புறைக்கு மாற்றி, அதை வாசிப்புக்கு மட்டும் பகிர்ந்தோம். பகிர்வை எங்கள் இரு கணினிகளின் முகவரிகளுக்கு மட்டும் சுருக்கினோம். வலையமைப்புக்குள் வரும் யாரும் தன் மடிக்கணினியில் 1001 என்று ஒரு கணக்குத் திறந்தால், இந்த ஏற்பாட்டுக்கு அவரும் 'நூலகம்'தான். ஆகவே விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் வைபையில் இதைப் பகிரக்கூடாது. இது தனிப் பிரதியும் ஆகாது. வேறோர் இடத்தில் இன்னொரு கொப்பி எப்போதும் இருக்க வேண்டும்.

41 பக்கங்களுக்காகத் திரும்பப் போனபோது, அந்த வீட்டு மூத்த உம்மா ஏட்டைத் துணியிலிருந்து பிரித்துத் தந்துவிட்டு, "போன முறை எடுத்தது என்ன ஆன மகன்?" என்று கேட்டார். அனுமதிப் பிழை பற்றி அவருக்கு என்னவென்று சொல்வது? "என்ட பிழைதான் உம்மா" என்றேன்.