பாட்டியின் பாதமும் பெம்பர்சும்

‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. குழந்தைக்கு நடக்கப் பழக்குகிறோம், பேசப் பழக்குகிறோம், தானே சோறு உண்ணப் பழக்குகிறோம். இவற்றையெல்லாம் பெருமையாகப் பேசும் நாம், ஒன்றுக்கும் இரண்டுக்கும் கழிப்பறைக்குச் செல்லப் பழக்குவதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. “இதுவெல்லாம் ஒரு கட்டுரைத் தலைப்பா?” என்று தோழியர் என்னைக் கேட்டுச் சிரித்தனர். ஆனால், பல வீடுகளில் ஒன்றும் அறியாத பிள்ளை அடி வாங்குவது இதற்காகத்தான். அந்த அடியால் பயன் உண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் உடலின் இயக்கத்தை அறிந்துகொள்வோம். சிறுநீர்ப்பையின் வாயிலிலும் மலக்குடலின் வாயிலிலும் சுருக்குத்தசைகள் உள்ளன. தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் ‘ஸ்பிங்டர்’ என்று நான் படித்தது இதைத்தான். உள்தசை தானாக இயங்குவது. வெளித்தசையோ நம் விருப்பத்திற்குக் கட்டுப்படுவது. பிறந்த குழந்தைக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியதும் அனிச்சையாகவே வெளியேறிவிடும். ‘வருகிறது’ என்று உணர்ந்து, ‘கொஞ்சம் பொறு’ என்று தசைக்குக் கட்டளையிடும் ஆற்றல், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயது முதல் மூன்று வயதுக்குள் சிறுகச் சிறுகக் கைகூடுகிறது. நரம்பு முதிராத பிள்ளையை அதட்டுவது, பல் முளைக்காத பிள்ளையை முறுக்குக் கடிக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

அப்படியானால், அந்தக் காலத்தில் ஒரு வயதுக்குள்ளேயே பழக்கினார்களே என்ற கேள்வி எழலாம். என் பாட்டி குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். அவர் தரையில் அமர்ந்து கால்களை நீட்டி, இரு பாதங்களையும் சேர்த்து, அதன்மேல் குழந்தையை உட்கார வைத்து, “உஸ்... உஸ்...” என்று ஒலி எழுப்புவாராம். தூங்கி எழுந்ததும் ஒருமுறை, பால் குடித்ததும் ஒருமுறை. விடியுமுன் வேலைக்குச் செல்லும்போது பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வார். அங்கிருந்த ஆயாவும் அதையே செய்வார். கட்டுவதற்குப் பழைய சேலைத் துணிதான். நனைந்தால் உடனே தெரியும், துவைக்கவும் வேண்டும். எனவே, குழந்தையின் முக்கலையும் முகச்சுளிப்பையும் கவனித்துக்கொண்டே இருந்தார்கள்.

இது நமக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. ஆப்பிரிக்காவின் கென்யக் கடலோரத்தில் வாழும் டிகோ இனத் தாய்மாரும் குழந்தையைக் கால்களுக்கிடையே அமர்த்தி, நம் ‘உஸ்’ போலவே ஓர் ஒலியை எழுப்புகின்றனர். அவர்களின் குழந்தைகள் ஐந்தாறு மாதங்களிலேயே நனைக்காமல் இருப்பதை டி விரீஸ் இணையர் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு எடுத்துரைத்தது.

மேலை நாட்டில் நிலைமை வேறு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன், 1,170 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 1962ஆம் ஆண்டில் கட்டுரை எழுதினார். குழந்தை ஆயத்தமாகும்வரை காத்திருந்து, வற்புறுத்தாமல் பழக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அக்குழந்தைகள் சராசரியாக 28.5 மாதத்தில் பகல்நேரக் கட்டுப்பாட்டை அடைந்தனர். அதற்கு முந்திய ஆண்டான 1961இல்தான் அமெரிக்காவின் பியோரியா நகரில் பெம்பர்ஸ் சோதனை விற்பனைக்கு வந்தது. இன்று எந்த நிறுவனத்தின் அணையாடையாக இருந்தாலும் நாம் பெம்பர்ஸ் என்றே அழைக்கிறோம். இன்றைய அணையாடைக்குள் இருக்கும் துகள்கள் ஈரத்தை உறிஞ்சிக் கூழாக்கிவிடுவதால், நனைந்தது பிள்ளைக்கே சரியாகத் தெரிவதில்லை.

ஐந்து மாதம் எங்கே, 28 மாதம் எங்கே? வாசகர்களே, இங்கேதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். இவ்விரண்டும் ஒரே அளவுகோல் அல்ல. டிகோ குழந்தையும் பாட்டி வளர்த்த குழந்தையும் தாமாகக் கழிப்பறைக்குச் செல்லவில்லை. பெரியவர் குறிப்பறிந்து தூக்கிச் சென்றார். பிரேசல்டன் கணக்கிட்டதோ குழந்தை தானே உணர்ந்து செல்வதை. முன்னதில் பழகியவர் குழந்தை மட்டுமல்லர், பெரியவருந்தான். நாள் முழுதும் ஒருவர் உடனிருந்தால் பாட்டி முறை செல்லும். உடனிருக்க ஆள் இல்லையென்றால் பிள்ளை ஆயத்தமாகும்வரை காத்திருப்பதே முறை.

இன்று நம் ஜொகூரில் உடனிருப்பவர் யார்? தாய் பாசீர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறார். அல்லது விடியற்காலையிலேயே பேருந்து ஏறிப் பாலம் கடந்து சிங்கப்பூருக்குச் செல்கிறார். பிள்ளை தாஸ்காவில் வளர்கிறது. 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ், நான்கு வயதுக்குக் குறைந்த நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைக் கட்டணத்திற்குப் பராமரிக்கும் மையம் சமூக நல இலாகாவில் பதிந்துகொள்ள வேண்டும். ஆனால், சட்டம் இருப்பதனால் மட்டும் ஒவ்வொரு பிள்ளையின் முகக்குறிப்பையும் பார்க்கும் கண் கிடைத்துவிடாது.

என் அக்காள் மகனுக்கு அப்போது இரண்டு வயது நான்கு மாதம். அவனைப் பார்த்துக்கொண்ட இடத்தில், கால்சட்டையில் போய்விட்டான் என்று மற்றப் பிள்ளைகளின் முன்னால் திட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவன் மலத்தை அடக்கத் தொடங்கினான். சோபாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க நிற்பான். நான்கு நாள்கள் போகவில்லை. பிறகு கால்சட்டையில் சிறிது சிறிதாகக் கசிந்தது. “பிடிவாதம், ரெண்டு போடு போட்டா சரியாயிடும்” என்றார் அம்மா. “பாவம்மா அவன்” என்று அக்காள் அழுதார்.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவர் விளக்கினார். அடக்கிய மலத்தின் நீரைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும், மலம் கெட்டியாகும், போகும்போது வலிக்கும், வலிக்குப் பயந்து பிள்ளை மேலும் அடக்கும். உள்ளே இறுகிக் கிடப்பதைச் சுற்றி இளகிய மலம் தானாகக் கசியும். அது குறும்பும் அன்று, வயிற்றுப்போக்கும் அன்று. மலத்தை இளக்கும் மருந்து கொடுத்து, சில வாரங்களுக்குப் பழக்குவதையே நிறுத்தி வைக்கச் சொன்னார். அம்மாவும் அதைக் கேட்டு அமைதியானார். வலி நீங்கிய பிறகு, இரண்டு மாதத்தில் அவனே “ஆய்” என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தான்.

ஆயத்தத்தை எப்படி அறிவது? பிள்ளை இரண்டு மணி நேரமாவது நனைக்காமல் இருக்கிறதா, நடந்து சென்று அமரவும் எழவும் முடிகிறதா, கால்சட்டையைக் கீழே இறக்க முயல்கிறதா, எளிய கட்டளைகள் புரிகின்றனவா, சொல்லாலோ சைகையாலோ தெரிவிக்கிறதா என்று பாருங்கள். இவற்றுள் பல தென்பட்டால் தொடங்கலாம்.

உணவு உண்டதும் குடல் அசையத் தொடங்குவது இயற்கை. ஆகவே, காலைப் பசியாறிய பிறகு ஐந்து நிமிடம் உட்கார வைப்பது நலம். பெரியவர்களின் கழிப்பறையில் அமர்த்தினால் கால் தொங்கும், முக்க முடியாது. காலுக்கு அடியில் சிறு முக்காலி வைத்தால் குந்திய நிலை கிடைக்கும். பாட்டியின் பாதத்தில் அமர்ந்த பிள்ளைக்குக் கிடைத்ததும் அந்த நிலைதான். தண்ணீரும் பப்பாளியும் கீரையும் மலத்தை இளக்கும். தண்ணீர்க் குழாயின் சீற்றத்திற்குச் சில பிள்ளைகள் அஞ்சும். மெல்லத் திறக்க வேண்டும். போனால் பாராட்டுங்கள்; போகாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் எழுப்பிவிடுங்கள்.

வீட்டில் ஒரு சொல், தாஸ்காவில் ஒரு சொல் என்றிருந்தால் பிள்ளை குழம்பும். எச்சொல்லைப் பயன்படுத்துவது, எந்நேரத்தில் அமர்த்துவது, தவறினால் என்ன சொல்வது என்பதைத் தாயும் தந்தையும் பாட்டியும் பராமரிப்பாளரும் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும். தந்தையும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பொறுப்பு முழுவதையும் பெண்களின் தலையில் கட்டிவிடுவது நம் வீடுகளில் இன்றும் கண்கூடு.

இரவு நனைத்தல் வேறு கதை. இரவில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோனும், தூக்கத்திலும் எழுப்பும் உணர்வும் பின்னரே முதிர்கின்றன. ஐந்து வயதுக்குள் படுக்கையை நனைப்பதை மருத்துவம் நோயாகக் கருதுவதில்லை. ஆனால், நன்கு பழகிய பிள்ளை திடீரென மீண்டும் நனைத்தாலோ, மலம் போக வலியால் அழுதாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தொட்டில் பழக்கம் நீடிக்கும் என்பது உண்மையானால், தொட்டிலில் ஏற்படும் அச்சமும் நீடிக்கும் அல்லவா? பாட்டியின் பாதத்தை இனி எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க நம்மால் இயலாது. அதில் இருந்த கவனத்தையும் பொறுமையையும் கொடுக்க இயலும். இன்று மாணவர்களாக இருக்கும் நாம் நாளை பெற்றோராகப் போகிறவர்கள். கையை ஓங்குவதற்கு முன், பிள்ளையின் உடல் ஆயத்தமாகிவிட்டதா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக!